மனத்தின் கூறுகள்: பிறப்பா, பயிற்சியா?

1887 அக்டோபரில் பாரிஸ் நகரத்து வணிகர் ஒருவருக்கு வாசிப்பு மட்டும் போய்விட்டது. நன்கு படித்தவர். பேச்சில் தடுமாற்றம் இல்லை. வலப்பக்கப் பார்வையில் குறை இருந்ததே தவிர, எதிரே இருப்பவை தெரிந்தன. யாராவது சொல்லச் சொல்லச் சரளமாக எழுதினார். எழுதிய தாளை அவர் கையிலேயே கொடுத்தால் படிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். எண்களை இனங்காண்பதிலோ கணக்குப் போடுவதிலோ சிக்கல் இல்லை. 1892இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின், இடப்பக்க மூளையின் பின்பகுதியில் சேதம் இருந்ததை எழுதிவைத்தார்.

மனம் தனித்தனிக் கூறுகளால் ஆனது என்று வாதிடுவோர்க்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. எழுதும் திறன் இருக்கிறது, படிக்கும் திறன் இல்லை. எண் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கத்தி வைத்து அறுத்ததுபோல் ஒன்று மட்டும் போயிருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சி சொல்வதை முழுக்கக் கேட்டால், வழக்கு வேறு பக்கம் திரும்புகிறது என்பதே என் கட்சி.

கொள்கை பழையது. வியன்னாவில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் யோசெஃப் கால், மனத்துக்கு 27 திறன்கள் உண்டென்றும் ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனி உறுப்பு உண்டென்றும் சொன்னார். மண்டையோட்டின் மேட்டையும் பள்ளத்தையும் தடவிக் குணம் சொன்னதால் அவர் பெயர் கெட்டது. மண்டை சாத்திரம் ஒழிந்தாலும் அடிப்படைக் கருத்து ஒழியவில்லை. 1861இல் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் பேசமுடியாத நோயாளியின் மூளையில், இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் காட்டியதும் அது மீண்டும் எழுந்தது.

அதற்குத் தத்துவ உருவம் கொடுத்தவர் அமெரிக்கரான ஜெரி ஃபோடர். 1983இல் வந்த அவர் நூல், எது தனிக்கூறு என்பதற்கு அடையாளங்களை வகுத்தது: குறித்த ஒரு பொருளை மட்டுமே கையாளும், விரைந்து இயங்கும், நாம் வேண்டாம் என்றாலும் நிற்காது, நமக்குத் தெரிந்த மற்றவற்றைக் கேட்டுக்கொள்ளாது, மூளையில் குறித்த இடம் உண்டு, பழுதுபட்டால் தனக்கே உரிய வகையில் பழுதுபடும், பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. நுனிகளில் அம்புக்குறியும் கவைக்குறியும் கொண்ட இரண்டு கோடுகள் சமநீளம் என்று அளவுகோல் வைத்து அறிந்தபின்னும் ஒன்று நீளமாகவே தெரிகிறதே, அந்த முல்லர்-லையர் தோற்றம் அவருக்குப் பிடித்த சான்று. அறிவு சொல்வதைக் கண் கேட்பதில்லை.

சைவ சித்தாந்தம் சொல்லும் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்களை இதற்கு முன்னோடியாகக் காட்ட நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். பொருந்தாது. முகமானாலும் பாட்டானாலும் கணக்கானாலும் அந்த நான்கும் எல்லாவற்றுக்கும் பொது. பற்றுவது, சிந்திப்பது, 'நான்' என எழுவது, நிச்சயிப்பது என்று செயலால் பிரிந்தவை. ஃபோடரின் கூறுகளோ பொருளால் பிரிந்தவை. இத்தகைய இருவகைப் பிரிவை அவரே கிடைமட்டம், செங்குத்து என்று வேறுபடுத்தி, செங்குத்துப் பிரிவைக் கண்டதற்காக ஃபிரான்ஸ் யோசெஃப் காலைப் பாராட்டவும் செய்தார்.

இனி வாசிப்பை அவர் பட்டியலில் வைத்துப் பார்ப்போம். சிவப்பு மையில் 'பச்சை' என்று அச்சிட்டுக் காட்டி, மையின் நிறம் என்ன என்று கேளுங்கள். தமிழ் படித்தவர் நாக்கு ஒரு கணம் தடுக்கும். படிக்காதே என்று தனக்கே ஆணையிட்டும் பயனில்லை. 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் ஆங்கிலச் சொற்களை வைத்து ஆய்ந்து எழுதியது இதைத்தான். ஆக, விரைவு உண்டு, நிறுத்த முடியாமை உண்டு. இடமும் உண்டு: இடப்பக்க மூளையின் அடிப்பகுதியில், பின்மடலும் பக்கமடலும் சேரும் இடத்தில், எழுத்துக்கென்றே துடிக்கும் ஒரு பகுதியை மூளை ஆய்வாளர்களான தெஹானும் கோஹெனும் 2000ஐ ஒட்டி வரையறுத்தார்கள். எந்த மொழி வாசிப்பவரானாலும் அது ஏறக்குறைய அதே இடம். தனிப்பட்ட பழுதுக்குப் பாரிஸ் வணிகரே சான்று.

பிறவி என்ற அடையாளம் மட்டும் பொருந்தவில்லை. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5000 ஆண்டுகள்தாம் ஆகின்றன. மனித குலத்தில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாமலே வாழ்ந்து முடிந்தவர்கள். வாசிப்புக்கென ஓர் உறுப்பைப் பரிணாமம் செதுக்கித் தர அவகாசமே இருந்ததில்லை. 2010இல் தெஹான் குழு பிரேசிலிலும் போர்த்துகலிலும் 63 பேரை ஆய்ந்தது. எழுத்தறியாதோர், வளர்ந்தபின் கற்றோர், சிறுவயதிலேயே பள்ளி சென்றோர் என மூவகையினர். வாசிப்புத் திறன் கூடக் கூட அந்தப் பகுதியின் துடிப்பும் கூடியது. முதிர்ந்த வயதில் கற்றவர்களிடமும் அப்படியே. எழுத்து வந்து முகங்களின் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறதா என்ற ஐயம் அப்போது எழுந்தது. லக்னோவை அடுத்த ஊர்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, அப்படிப் பிடுங்குவதாகத் தெரியவில்லை என்றது. எதையும் பார்த்தே அறியாத பிறவிப் பார்வையற்றோர் பிரெயில் எழுத்தைத் தடவி வாசிக்கும்போதும் அதே பகுதி இயங்குவதை 2011இல் காட்டியது வேறொரு குழு.

ஆகவே ஃபோடர் பட்டியலில் நான் அடிக்க விரும்புவது கடைசி வரியை மட்டுமே. மனம் முழுவதையும் கூறுகளாக்கி, கற்கால வாழ்க்கை ஒவ்வொன்றையும் வடித்துத் தந்தது என்று சொன்ன காஸ்மிடிஸ், டூபி ஆகியோரின் பரிணாம உளவியல் முழுக்க அந்த வரியின்மேல் நிற்கிறது. அவர்கள் போன தூரம் ஃபோடருக்கே பொறுக்கவில்லை; 2000இல் மறுத்து ஒரு நூலே எழுதினார்.

கூறுகள் வளர்ச்சியின் விளைவு என்று 1992லேயே எழுதியவர் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித். குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் பயின்றவர். வில்லியம்ஸ் என்னும் மரபணு நோய்க்குறியோடு பிறந்தவர்கள் வளர்ந்தபின் பேச்சில் ஓரளவு தேர்ச்சி பெறுவார்கள், எண்ணில் பின்தங்குவார்கள்; மொழிக்கூறு தப்பியது, எண்கூறு பழுது என்று பலரும் விளக்கினர். 1999இல் கார்மிலாஃப்-ஸ்மித் குழு அந்நோய்க்குறி உள்ள சிறு குழந்தைகளையே சோதித்தது. அந்த வயதில் அவர்களுக்கு எண்ணிக்கை வேறுபாடு நன்றாகவே தெரிந்தது, சொல்லறிவுதான் பின்தங்கியிருந்தது. வளர்ந்தவரிடம் காணும் படத்தைப் பிறந்த குழந்தைமேல் ஒட்டிப் படிக்க இயலாது என்று இதற்குப்பின் அவர் வாதிட்டபோது, கூறுகள் பிறவியிலேயே அமைந்தவை என்போரின் பழைய விளக்கத்துக்கு முன்பிருந்த பிடி இருக்கவில்லை.