எழுத்துப் பிழையா, குற்றமா? ஒரு ஸ்கேன் படிவத்தின் கதை



சென்ற இதழில் ஜூஜூவாடி செக்போஸ்ட் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, லிஃப்டில் பார்த்த இரண்டு பேர் "அடுத்தது என்ன சார்?" என்று கேட்டார்கள். இந்த முறை ஒரு படிவத்தின் வரலாறு. படிவம் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் பலர் கையெழுத்துப் போட்ட படிவம்தான் இது.

சில வருடங்களுக்கு முன் என் மருமகளை ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண், "ஏற்கெனவே எத்தனை குழந்தைங்க சார்? ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள். பின்னால் கூட்டம். மருமகளால் நிற்க முடியவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு உள்ளே அனுப்பு" என்றேன். "முடியாது சார். அது காலியா இருந்தா எங்க மெஷினுக்கு சீல் வெச்சிடுவாங்க" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வவுச்சரில் ஒரு இனிஷியல் இல்லையென்றால் திருப்பி அனுப்புவதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். என் முறை வந்ததும் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறேன்.

அந்தப் படிவத்தின் பெயர் 'எஃப்' படிவம். கர்ப்பிணியின் பெயர், முகவரி, இருக்கும் குழந்தைகள், அனுப்பிய டாக்டர் யார், எத்தனை வாரம், எதற்காக ஸ்கேன் என்று எல்லாம் அதில் வரவேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று தாய் எழுதித் தருகிறாள். அதைப் பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை என்று டாக்டர் எழுதித் தருகிறார்.

இப்படி ஒரு படிவம் ஏன் வந்தது? கருவின் பாலினம் அறிவதற்கு எதிராக முதலில் சட்டம் போட்ட மாநிலம் மகாராஷ்டிரா, 1988-ல். மத்திய சட்டம் 1994-ல் நிறைவேறி 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஆனால் பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 2000-ல் சேஹத், மாசூம் என்ற இரண்டு அமைப்புகளும் டாக்டர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் மாநிலங்கள் அசைந்தன. 2003-ல் சட்டம் திருத்தப்பட்டு, இன்று நாம் பி.சி.பி.என்.டி.டி. என்று சொல்லும் பெயரைப் பெற்றது.

இது எங்கோ வடக்கத்திச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள். நம் பக்கத்துச் சேலத்தில் 851. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் அந்தச் சேலத்தில்தான் தொடங்கியது. 2001-ல் அது தர்மபுரிக்கும் வந்தது. அப்போது நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான், 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தோம்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அவர் அரசு வழக்கறிஞர். மெஷினுக்கு சீல் வைக்கும் அதிகாரியின் படம் பேப்பரில் வரும், இவர் படம் வராது. ஆனால் சட்டம் இவரை மறக்கவில்லை. மாநில அளவில் அமைக்கும் மூவர் அதிகார அமைப்பில் ஒருவர் சட்டத்துறை அதிகாரியாக இருக்கவேண்டும். ஆலோசனைக் குழுவிலும் ஒரு சட்ட நிபுணர் உண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. பதிவை ரத்து செய்ய முதலில் நோட்டீஸ் தரவேண்டும், சென்டர் தரப்பைக் கேட்கவேண்டும். நோட்டீஸ் இல்லாமல் உடனே நிறுத்திவைக்கலாம், ஆனால் பொதுநலன் கருதி ஏன் அப்படிச் செய்கிறோம் என்று காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும். சோதனைக்குச் சாட்சிகள் வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் வேண்டும். கோர்ட்டில் புகார் தரவேண்டியவர் உரிய அதிகாரி, அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர். உங்களையும் என்னையும் போன்ற வெளியாள் என்றால், அந்த அதிகாரிக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே போகமுடியும். இதில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். குற்றம் நடந்ததா என்ற கேள்விக்கே போகாமல் வழக்கு விழுந்துவிடலாம். ஆகவே அரசு வழக்கறிஞரின் பாதி வேலை, கோர்ட்டுக்குப் போகும் முன்பே தன் தரப்புக் காகிதங்களைச் சல்லடையில் போட்டுச் சலிப்பதுதான். எங்கள் இன்ஸ்பெக்ஷன் ஆடிட்டர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அப்போது அவர்களைத் திட்டாதவன் யார்!

பெரிய சண்டை 2019-ல் முடிந்தது. மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வாதத்தை வைத்தது: எஃப் படிவத்தில் ஏதோ ஒரு விவரம் விட்டுப்போவது குமாஸ்தாப் பிழை, அதற்கும் பாலினம் சொல்வதற்கும் ஒரே தண்டனையா? தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த வாதத்தில் அனுதாபம் உண்டு. அவசரத்தில் கை தவறாத மனிதன் கிடையாது. நேர்மையான டாக்டர்களும் இதனால் அலைந்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு மே 3-ம் தேதி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நான் புரிந்துகொண்ட வரையில் காரணம் இதுதான். பாலினம் சொல்வது மூடிய அறைக்குள், இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறது. கேட்டவரும் சொன்னவரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு மிஞ்சுவது படிவம் ஒன்றுதான். அதையும் காலியாக விட அனுமதித்தால் சட்டத்தில் என்ன இருக்கிறது? பதிவேட்டில் குறை இருந்தால், தவறு செய்யவில்லை என்று காட்டவேண்டியது ஸ்கேன் செய்தவர் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. பெட்டியில் பணம் குறைந்தால் கேஷியர் பதில் சொல்வதில்லையா, அதுபோல.

நம் ஊருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். இந்தச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான், அதிகாரிதான் வேறு. கிருஷ்ணகிரி அதிகாரியின் எல்லை ஜூஜூவாடியோடு சரி. அத்திப்பள்ளி போய்விட்டால் கர்நாடக அதிகாரி. ஆட்டோவில் பத்து நிமிடத்தில் தாண்டும் கோட்டைத் தாண்டிச் சீல் வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 2023 நவம்பரில் பெங்களூரு போலீஸ் பிடித்த கும்பல், மண்டியாவில் ஒரு வெல்ல ஆலையில் ஸ்கேன் மெஷினை வைத்து நடத்தியதாகச் செய்தி வந்தது. வெல்லம் காய்ச்சும் இடத்தில் எஃப் படிவம் எங்கே இருக்கப் போகிறது?

மருத்துவமனைகளை முறைப்படுத்தும் பொதுச் சட்டத்திலும் இரு மாநிலங்களும் ஒரே வேகத்தில் போகவில்லை. கர்நாடகத்தில் தனியார் நர்சிங் ஹோம்களுக்கு 1976-லேயே சட்டம். நாம் 1997-ல் சட்டம் இயற்றினோம், விதிகளை அறிவித்ததோ 2018-ல். இருபத்தொரு ஆண்டு! விதி இல்லாத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வக்கீல் என்ன செய்ய முடியும்?

ஒரு தகவல். பாலினம் சொல்லப்படாது என்ற பலகையை ஒவ்வொரு ஸ்கேன் சென்டரும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் வைக்கவேண்டும். அது மட்டுமல்ல, அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றும் அங்கே இருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். மருமகளை அடுத்த ஸ்கேனுக்கு அழைத்துப் போனபோது கேட்டேன். அதே பெண் மேஜை டிராயரைத் திறந்து, ஓரம் மடங்கிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, "ஏற்கெனவே எத்தனை குழந்தைங்க?" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணு. பெண்" என்றேன்.