சேதுக்கரையின் சிறு பள்ளிகள்

சேது நாடு எனப் புலவர் பாடிய இராமநாதபுரச் சீமை கொடைக்கும் தமிழுக்கும் பெயர் பெற்றது. சேதுபதி மன்னர்கள் புலவர்களுக்கு ஊர்களையே பரிசாக ஈந்ததும், அம்மரபில் வந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்டதும் தமிழுலகம் நன்கறிந்த செய்திகள். புலவரைப் புரந்தோர் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அச்சீமையின் கடற்கரைச் சிறுவர்க்கு எழுத்தறிவித்த சிறு பள்ளிகளின் வரலாறோ அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. கேட்கச் செவியுடையோர் இருந்தாலன்றிக் கவிதை வாழாது. அச்செவியை உருவாக்குவது தொடக்கப் பள்ளியே. ஆதலின் இவ்வரலாறு இலக்கியத்திற்குப் புறம்பானதன்று.

திண்ணையும் மணலும்

ஆங்கிலக் கல்வி பரவுவதற்கு முன்னரே இம்மண்ணில் பள்ளிகள் மலிந்திருந்தன என்பதற்கு ஆங்கிலேயர் ஆவணங்களே சான்று பகர்கின்றன. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டார். பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களுமாக 12,498 இருந்தன என்றும், அவற்றில் பயின்றோர் 1,88,000-க்கும் மேற்பட்டோர் என்றும் 1826-இல் அவர் பதிவு செய்தார். இராமநாதபுரமும் அடங்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில் மட்டும் 844 பள்ளிகள் கணக்கிடப்பட்டன.

இவை யாவும் இன்றைய வழக்கில் சொன்னால் சிறு தனியார் பள்ளிகளே. ஓர் ஆசிரியர், ஒரு திண்ணை, சில பிள்ளைகள், இவ்வளவே பள்ளி. மணலில் விரலால் எழுதிப் பழகியபின் பிள்ளைகள் பனையோலைக்கு வந்தனர். நெடுங்கணக்கு, எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு என்பன பாடங்கள். முன்னரே கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். கீழக்கரை முதலிய முஸ்லிம் ஊர்களில் திருக்குர்ஆன் ஓதும் பள்ளிகளும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபும் உடன் வளர்ந்தன.

இம்முறையின் புகழ் கடல் கடந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டு, அதனை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் 'சென்னை முறை' என்ற பெயரால் எழுதப் படிக்கக் கற்றனர்.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக எண்ணி மயங்குதல் கூடாது. பெண் குழந்தைகள் அங்கு மிக அரியர். ஒடுக்கப்பட்ட குடிப் பிள்ளைகள் பலர்க்குத் திண்ணையின் படியே எட்டாதிருந்தது. தமிழ் இருந்தது, எல்லார்க்கும் இடம் இருக்கவில்லை.

1785-ஆம் ஆண்டுப் பள்ளி

இச்சூழலில்தான் இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்று தோன்றியது. தஞ்சையில் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் என்பவர் திட்டம் வகுத்தார். 1750-இல் தரங்கம்பாடி வந்திறங்கித் தமிழ் கற்றுத் தேர்ந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்சு அதனை நடைமுறைப்படுத்தினார். 1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் பள்ளிகள் எழுந்தன. கும்பினியின் இயக்குநர் அவை 1787-இல் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் வழங்க இசைந்தது.

பள்ளியின் நோக்கம் வெளிப்படையானது. இடைத்தரகர் வழியாக அன்றி நாட்டு மக்களோடு நேரே பேச ஆங்கிலம் அறிந்தோர் கும்பினிக்குத் தேவைப்பட்டனர். பயின்றோரில் பெரும்பாலோர் அந்தணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வாழ்க்கை நலம் கருதியே வருகின்றனர் என்பதைச் சுவார்ட்சு உணர்ந்திருந்தார். மதம் மாற்ற வஞ்சக வழி எதுவும் கையாளப்படுவதில்லை என்றும் எழுதினார். பத்தாண்டுகளுக்குள், 1795-இல், கும்பினி முத்துராமலிங்க சேதுபதியை அரியணையிலிருந்து அகற்றியது. சிறையிலேயே அவர் 1809-இல் மறைந்தார். பள்ளிக்குப் பணம் தந்த கையே அரசையும் பறித்தது என்பது இவ்வரலாற்றில் மறைக்க இயலாத பக்கம்.

ஆனால் ஒரு பள்ளி, நிறுவியோர் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. சுவார்ட்சு பெயரால் இராமநாதபுரத்தில் விளங்கும் பள்ளியில்தான் பின்னாளில் இராமேசுவரத்துப் படகோட்டி ஒருவரின் மகன் வந்து சேர்ந்தார். 1931-இல் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமே அவர்.

இருக்கையின் இடம்

கலாம் தம் தன்வரலாற்று நூலில் இராமேசுவரம் தொடக்கப் பள்ளி நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். ஐந்தாம் வகுப்பில் அவர் முதல் வரிசையில், கோயில் தலைமைக் குருக்கள் இலட்சுமண சாஸ்திரியின் மகன் இராமநாதன் அருகே அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் அதனைப் பொறாமல் முஸ்லிம் சிறுவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். செய்தியறிந்த சாஸ்திரியார் ஆசிரியரை அழைத்துக் குழந்தைகள் உள்ளத்தில் நஞ்சு விதைக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார்.

பாடத்திட்டங்களும் மானியங்களும் கூறாத உண்மை ஒன்றை இந்நிகழ்ச்சி கூறுகிறது. சிறு பள்ளியில் ஊர் முழுவதும் ஆசிரியரைக் காண்கிறது. ஆசிரியரும் ஒவ்வொரு குழந்தையையும் அறிவார். தவறு நேர்ந்தால் தட்டிக் கேட்க ஊரில் ஒருவர் இருப்பார். இவ்வண்மையே சிறு பள்ளியின் வலிமை. அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயரும், இராமநாதபுரத்தில் அய்யாதுரை சாலமனும் ஆசிரியராக வாய்த்தமையைக் கலாம் நன்றியுடன் குறிப்பிடுகிறார். அந்தணர், கிறித்தவர், முஸ்லிம் என்னும் வேறுபாடு அவ்வகுப்பறைகளில் கரைந்ததை அந்நன்றி காட்டும். கலாமின் பள்ளிக் கல்வி தமிழ்வழியில் அமைந்தது. பின்னர் அறிவியல் கற்க அஃது அவருக்குத் தடையாகவில்லை.

அன்றும் இன்றும்

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் அளிக்கும் வழியைத் திறந்தது. உதவி பெறும் பள்ளிகள் பெருகின. திண்ணையில் இடம்பெறாதிருந்தோர்க்கு மெல்ல மெல்லக் கதவு திறந்தது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பசியால் பள்ளியை விட்டு நின்ற குழந்தைகளை மீண்டும் அழைத்து வந்தது.

இடம் கிடைத்தபின் மொழி நழுவத் தொடங்கியமைதான் வியப்பு. நர்சரிப் பள்ளிகளும் மெட்ரிகுலேசன் பள்ளிகளும் சிற்றூர்வரை பரவின. ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்று மொழி என 1999-இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணையை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-இல் வந்தது. பயிற்று மொழியைத் தேரும் உரிமை பெற்றோர்க்கும் குழந்தைக்கும் உரியது என்றும், அரசு தாய்மொழியைத் திணிக்கலாகாது என்றும் கர்நாடக வழக்கொன்றில் 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டத்தால் தமிழ் ஒரு பாடமாக நிற்கலாம். சிந்தனை மொழியாக நிற்பதற்குச் சட்டம் போதாது.

ஆங்கிலம் வேண்டும் என்னும் மீனவப் பெற்றோரைக் குறைகூறுவதில் பயனில்லை. 1785-இல் அந்தணரும் வணிகரும் நாடிய அதே வாழ்க்கை நலத்தையே இன்று அவர்களும் நாடுகின்றனர். எஞ்சுவது, தமிழைக் குழந்தை விரும்பும்படி தருவது யார் என்னும் வினா. இந்தியன் வங்கியில் பணியாற்றிக் கொண்டே வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்குப் பாடல் எழுதிய அழ. வள்ளியப்பா இதற்கு விடை காட்டிச் சென்றார்.

மணலில் எழுதிய திண்ணைப் பள்ளி தமிழைத் தந்தது; எல்லார்க்கும் இடம் தரவில்லை. இன்றைய பள்ளி எல்லார்க்கும் இடம் தருகிறது. தமிழைத் தரத் தயங்குகிறது. இரண்டும் ஒருங்கே வாய்க்கும் பள்ளியே சேதுக்கரைக் குழந்தைக்கு உரியது. அத்தகைய பள்ளிக்கு வேண்டும் பாடல்களையும் கதைகளையும் ஆக்கித் தருதல் அரசாணைக்குக் காத்திராமல் கவிஞர்களும் இலக்கிய வட்டங்களும் இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.