பரிவலு: அன்றும் இன்றும்

ஓர் இயந்திரத்தின் ஆற்றலைக் குதிரையின் ஆற்றலோடு ஒப்பிட்டுக் கூறும் வழக்கம் வணிகத்திற் பிறந்ததாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் வாற் என்பார், தமது எஞ்சினை ஆலை உடையோருக்கு விற்க வேண்டியவரானார். அக்காலத்து ஆலைகள் பலவற்றில், நம் நாட்டுச் செக்கிலே மாடு சுற்றுவதுபோலக் குதிரைகள் சுற்றி நடந்து சக்கரத்தைத் திருப்பின. எஞ்சின் எத்தனை குதிரைக்கு ஈடாகும் என்பதே வாங்குவோர் அறிய விரும்பியது. 33,000 இறாத்தல் எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் ஆற்றலை ஒரு பரிவலு என வாற் வகுத்தார். நாள் முழுதும் உழைக்கும் சாதாரணக் குதிரை அவ்வளவு ஆற்றலை இடையறாது தருவதில்லை; குதிரையை அவர் சற்றுத் தாராளமாகவே மதிப்பிட்டார் என்பர். எனவே, இவ்வளவை பிறந்த நாளிலேயே விற்பனையோடு உறவு பூண்டுவிட்டது. அவ்வுறவு எங்குச் சென்று முடிந்தது என்பதை அமெரிக்க மோட்டார் வண்டிகளின் வரலாற்றிற் போல வேறெங்கும் தெளிவாகக் காண்டலரிது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் அகன்ற நெடுஞ்சாலைகளும் மலிந்த பெற்றோலும் நிறைந்த தொழில்வாய்ப்பும் ஒருங்கே அமைந்தன. 1949 ஆம் ஆண்டில் ஒல்ட்ஸ்மொபைல் கம்பனியார், பெரிய வண்டிக்கென ஆக்கிய எட்டு உருளை எஞ்சினை எடை குறைந்த வண்டியொன்றிற் பொருத்தினர். ‘ரொக்கற் 88’ எனும் அவ்வண்டியின் வலு 135 பரிவலு. 1955 இல் கிறைஸ்லர் கம்பனியார் 300 பரிவலுக் கொண்ட வண்டியொன்றை வெளியிட்டு, அவ்வெண்ணையே அதன் பெயராகவும் சூட்டினர். எண் பெயராகிய அந்நாள் முதல், வண்டியை மதிப்பிடும் மக்கள் எண்ணையே முதலில் வினாவத் தொடங்கினர்.

ஆயினும் அவ்வண்டி செல்வருக்குரியது. உழைக்கும் இளைஞனின் கைக்கெட்டும் விலையிற் பெருவலுவைத் தந்தது 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. ஆகும். பொன்ரியாக், ஜெனரல் மோட்டோர்ஸ் எனும் பெருங் கம்பனியின் ஒரு பிரிவு. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது தலைமையகத்தின் விதி. பொன்ரியாக்கின் தலைமைப் பொறியியலாளரான ஜோன் டிலோரியனும் அவருடைய துணைவரும் அவ்விதியின் சொற்களை நுணுகி ஆராய்ந்தனர். புதிய வண்டியைப் பற்றியே விதி பேசிற்று. விரும்புவோர் மேலதிகமாகப் பெறும் உறுப்புகளைப் பற்றிப் பேசவில்லை. எனவே 389 கன அங்குல எஞ்சினை, பழைய வண்டிக்கு விரும்பினாற் பெறத்தக்க உறுப்பாக, முந்நூறு டொலருக்குச் சற்றுக் குறைந்த மேலதிக விலைக்கு வழங்கினர். அதன் வலு 325 பரிவலு. மூன்று காபரேற்றர் கொண்டதாயின் 348. சில ஆயிரம் வண்டிகளே விலைப்படும் எனக் கருதியிருக்க, அவ்வாண்டில் 32,450 வண்டிகள் விலைப்பட்டன.

இவ்வகை வண்டிகளுக்கு அமெரிக்க மக்கள் ‘மசில் கார்’ எனப் பெயரிட்டனர். புயவலி மிக்க வண்டி என்பது பொருள். போட்டிக் கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. கிறைஸ்லர் கம்பனியின் 426 கன அங்குல ‘ஹெமி’ எஞ்சின் 1964 இல் டேற்ரோனா பந்தயத்தில் ரிச்சாட் பெற்றி என்பாருக்கு வெற்றியீட்டித் தந்தது. 1966 இல் அதே எஞ்சின் 425 பரிவலு எனும் முத்திரையுடன் பொதுமக்கள் வாங்கும் வண்டிகளிலும் இடம்பெற்றது. 1970 இல் செவ்ரொலே கம்பனியின் செவெல் வண்டி, 454 கன அங்குல எஞ்சினுடன் 450 பரிவலு எனப் பறைசாற்றிக்கொண்டு வந்தது. போட்டியின் கொடுமுடி அஃதே.

அவ்வெண்கள் எத்துணை மெய்யானவை? அக்காலத்தில் எஞ்சினை வண்டியினின்றும் கழற்றி, சோதனை மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டியும் ஒலியடக்கியும் மின்னாக்கியும் இன்றி இயக்கி அளந்தனர். சாலையில் ஓடும்போது இவ்வுறுப்புகள் யாவும் எஞ்சினுக்குச் சுமையாகும். ஆகவே ஏட்டில் எழுதிய வலு வேறு, சக்கரத்தை அடைந்த வலு வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது ஈண்டு முற்றிலும் பொருந்தும். 1972 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கம்பனிகள், உறுப்புகள் யாவும் பொருந்திய நிலையில் எஞ்சினை அளக்கும் தேறிய வலு முறைக்கு மாறின. 1971 இல் 270 பரிவலு எனக் குறிக்கப்பட்ட கொர்வெற் வண்டியின் அடிப்படை எஞ்சின், மறு ஆண்டில் 200 எனக் குறிக்கப்பட்டது. எழுபது குதிரைகள் இரவோடிரவாகக் காணாமற் போயின. அவற்றுட் பெரும்பாலானவை என்றுமே இலாயத்தில் நின்றவையல்ல.

எண்ணைக் கூட்டியது போலவே குறைத்துக் கூறியதும் உண்டு. 1967 ஆம் ஆண்டின் கொர்வெற்றில், பந்தயத்துக்கென ஆக்கிய எல். 88 எனும் எஞ்சினுக்கு 430 பரிவலு எனக் குறித்தனர். அதனினும் மெலிந்த எஞ்சினொன்று 435 எனக் குறிக்கப்பட்டிருந்தது! எல். 88 இன் மெய்யான வலு ஐந்நூறுக்கு மேற்பட்டது. சாதாரண வாடிக்கையாளர் அதனை நாடாதிருக்கவே அவ்வாறு செய்தனர் என்பர். பத்திரிகைகளும் இவ்விளையாட்டுக்குத் தப்பவில்லை. 1964 மார்ச்சில் ‘கார் அன்ட் டிரைவர்’ எனும் சஞ்சிகை, ஜீ.ரீ.ஓ. வண்டியின் வியத்தகு வேகத்தை அட்டைப் படத்துடன் போற்றியது. சோதனைக்குத் தந்த வண்டியில் 389 கன அங்குல எஞ்சினுக்குப் பதிலாக 421 கன அங்குல எஞ்சின் இருந்ததென்பதை, பொன்ரியாக் விளம்பரத் துறையிற் பணியாற்றிய ஜிம் வாங்கர்ஸ் என்பார் பல்லாண்டுகளின் பின் தாமே ஒப்புக்கொண்டார்.

எண்களிற் புனைவு கலந்திருந்தும், சாலையில் நிகழ்ந்த மரணங்களிற் புனைவு இல்லை. ஜீ.ரீ.ஓ. வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. பெருவேகத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தினால் அவை சூடேறிப் பிடிப்பிழந்தன. ஒடுங்கிய ரயர்கள் வளைவிலே வழுக்கின. மோதல் நேர்ந்தால் திசைதிருப்பியின் தண்டு வளையாது சாரதியின் மார்பை நோக்கி நின்றது. தோளைப் பிணிக்கும் பட்டியும் இல்லை. குதிரைகளைப் பெருக்கியோர் கடிவாளத்தைப் பெருக்க மறந்தனர். 1965 இல் ரால்ப் நேடர் எனும் வழக்கறிஞர், அமெரிக்க வண்டிகளின் அமைப்பிலேயே ஆபத்து உறைகின்றதென நூலொன்றில் எடுத்துக் காட்டினார். மறு ஆண்டிலேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. காப்புறுதிக் கம்பனிகளோ, பெருவலு வண்டி வைத்திருக்கும் இளைஞரிடம் மிகுந்த கட்டணம் அறவிடத் தொடங்கின. வண்டியை வாங்க வல்லவன் அதனைக் காப்புறுதி செய்ய வல்லவனல்லன் எனும் நிலை பலருக்கு உண்டாயிற்று.

வீழ்ச்சியை விரைவுபடுத்திய காரணங்கள் வேறும் இரண்டு உள. முதலாவது தூய காற்றுச் சட்டம். 1970 டிசம்பரில் நிறைவேறிய அச்சட்டம், வண்டிப் புகையிலுள்ள சில நச்சுப் பொருள்களை ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டுமென விதித்தது. புகையைத் தூய்மையாக்கும் கருவியை ஈயம் கலந்த பெற்றோல் கெடுத்துவிடும். ஈயமற்ற பெற்றோலிலோ, மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் பழைய எஞ்சின்கள் செவ்வனே ஓடா. எனவே அழுத்தம் குறைந்தது, வலுவும் குறைந்தது. இரண்டாவது காரணம் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை. சில மாதங்களில் மசகெண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெற்றோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. 1974 இல் நாடெங்கும் மணிக்கு 55 மைல் என வேகம் வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த மஸ்ராங் வண்டியில் எட்டு உருளை எஞ்சினே இல்லை. 1975 இல் கொர்வெற்றின் அடிப்படை எஞ்சின் 165 பரிவலுவாகத் தாழ்ந்தது. புயவலியின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அது மீண்டெழுந்த விதம் சிந்தனைக்குரியது. வலுவை ஒடுக்கிய அதே சட்டங்கள்தாம் அதன் மறுபிறப்புக்கும் வழிவகுத்தன. புகையைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின், காற்றும் பெற்றோலும் சேரும் விகிதத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து திருத்த வேண்டும். காபரேற்றருக்கு அஃது இயலாது. எனவே 1980 ஆம் ஆண்டுகளில் மின்னணுக் கருவி எஞ்சினை ஆளத் தொடங்கிற்று. தூய்மைக்காக வந்த கருவி, வீணாகும் எரிபொருளை வலுவாக மாற்றவும் கற்றுக்கொண்டது. 1987 இல் மஸ்ராங் ஜீ.ரீ. 225 பரிவலுப் பெற்றது. 2005 இல் 300. 2015 இல் 435. இவை யாவும் தேறிய வலு. அதே 2015 ஆம் ஆண்டு மாதிரியான டொட்ஜ் சலஞ்சர் ஹெல்கற் 707 பரிவலுவுடன் வந்தது. 2018 மாதிரியான ‘டீமன்’ சாதாரண பெற்றோலில் 808 பரிவலுவும் பந்தயப் பெற்றோலில் 840 பரிவலுவும் ஈந்தது. 2023 இல் வெளியான அதன் இறுதி வடிவம், எதனோல் மிகுந்த எரிபொருளில் 1,025 பரிவலுவை எட்டியது.

இனி இரண்டையும் தராசில் இடலாம். கால் மைல் தூரத்தை 1970 ஆம் ஆண்டின் செவெல் ஓடி முடிக்கச் சஞ்சிகைச் சோதனைகளிற் பதின்மூன்று விநாடிகளுக்கு மேற் சென்றன. 2018 ஆம் ஆண்டின் டீமனுக்கு 9.65 விநாடி போதும். வலுவை அளக்கும் முறையும் நேர்மையுற்றது. 2005 முதல், தகுதி பெற்ற சாட்சியொருவர் முன்னிலையில் அளந்து சான்று பெறும் வழியும் ஏற்பட்டுள்ளது. பிரேக்கு, ரயர், மோதலைத் தாங்கும் உடற்கூடு, காற்றுப்பை ஆகிய யாவற்றிலும் புதியது பழையதை வெகுவாக விஞ்சுகின்றது. வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து நிலைநிறுத்தும் கருவி, 2012 மாதிரி முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று.

இதன் பயனைப் பரிவலு காட்டாது. வேறோர் எண் காட்டும். 1966 இல் அமெரிக்க வண்டிகள் ஓடிய ஒவ்வொரு பத்துக் கோடி மைலுக்கும் ஏறத்தாழ 5.5 உயிர்கள் மடிந்தன. 2019 இல் அது 1.1 ஆகக் குறைந்தது. 1972 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 54,589 பேர் சாலைகளில் மாண்டனர். பின்னர் வண்டிகள் பெருகியும் அத்தொகை மீண்டும் எட்டப்படவில்லை. ஆயினும் கருவி மட்டும் மனிதனைக் காத்துவிடாது. 2021 இல் மரணங்கள் மீண்டும் உயர்ந்து 43,000 ஐத் தாண்டின. கடிவாளம் எத்துணை நன்றாயினும் அதைப் பற்றும் கையும் நன்றாயிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் பழையதற்குப் பெருமையே இல்லையா? உண்டு. பழைய வண்டியின் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்குப் புலனாகும். சில திறப்பான்களும் பொறுமையும் உடைய இளைஞன், தன் வீட்டு முற்றத்திலேயே அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டான். இன்றைய எஞ்சினின் அறிவு மின்னணுப் பெட்டிக்குள் மறைந்து கிடக்கின்றது. அதனோடு பேசத் தனிக் கருவி வேண்டும். பழையது ஓட்டுநரைப் பொறியியலின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. புதியது அவ்வாயிலைப் பெரிதும் மூடிவிட்டது.

பழையது ஏழைக்கு எட்டியது, புதியது எட்டாது என்று சிலர் கூறுவர். அதனையும் கணக்கிட்டு நோக்குதல் தகும். 1964 இல் அமெரிக்கக் குடும்பமொன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 6,600 டொலர், ஜீ.ரீ.ஓ. வண்டியின் விலை 3,000 டொலரளவு. 2015 இல் அவ்வருமானம் 70,000 டொலரளவு. 435 பரிவலு மஸ்ராங் 32,000 டொலரளவு. இரு காலத்திலும் விலை, வருமானத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவே. ஹெல்கற்றின் விலையோ 60,000 டொலரளவு. ஆகவே எட்டாதது புதிய வண்டியன்று, எண்ணின் உச்சியே. பழையவையும் இன்று எளியோர்க்கு உரியனவல்ல. 1968 இல் வெளிவந்த ‘புல்லிற்’ எனும் படத்தில் ஓடிய மஸ்ராங் வண்டி, 1974 இல் 6,000 டொலருக்குக் கைமாறியது. 2020 சனவரியில் 34 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இவ்வண்டிகளுக்கும் பொருந்துமாறாயிற்று.

அவ்வண்டிகளை ஆக்கியோரின் கதி அவ்வாறன்று. ஹெமி எஞ்சினுடன் பிளிமத், டொட்ஜ் வண்டிகள் பிறந்த ஹம்ராமிக் நகரத்துத் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. பிளிமத், ஒல்ட்ஸ்மொபைல், பொன்ரியாக் ஆகிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 2023 டிசம்பரிற் பெற்றோல் சலஞ்சரின் உற்பத்தியும் செவ்ரொலே கமாரோவின் உற்பத்தியும் நின்றன. 2024 இல் டொட்ஜ் கம்பனி 670 பரிவலு வரை தரும் மின்சார வண்டியை வெளியிட்டது. அதில் எஞ்சினும் இல்லை. அதன் முழக்கமும் இல்லை. முழக்கத்தை ஒலிபெருக்கியால் எழுப்ப வேண்டியதாயிற்று.

ஜேம்ஸ் வாற் கண்ட குதிரை ஆலையை விட்டு நீங்கி நெடுங்காலமாகியும் அதன் பெயர் மின்சார வண்டியிலும் நிலைத்திருக்கின்றது. பழைய காலம் குதிரைகளை எண்ணிப் பெருமிதம் கொண்டது. அவ்வெண்ணிக்கையிலும் பிழை புகுந்தது. புதிய காலம் அவற்றைச் சரியாக எண்ணக் கற்றது, கடிவாளமிடவும் கற்றது. எத்தனை பரிவலு எனும் வினாவோடு, எத்துணை விரைவில் நிற்கும், உள்ளிருப்போரை எங்ஙனம் காக்கும் எனும் வினாக்களையும் கேட்கத் தெரிந்ததே இவ்வறுபது ஆண்டுகளின் மெய்யான முன்னேற்றம். அவ்வினாக்களைக் கேட்கக் கற்பதற்குச் செலுத்திய விலை, சாலைகளில் மாண்ட இளைஞரின் உயிர் என்பதை மறத்தலாகாது.