லட்சத்துக்கு எட்டாயிரம்: வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் பொருளாதார வதந்திகளின் வரலாறு

காட்பாடியில் அலுவலகம் அமைத்துச் செயல்பட்ட ஐ.எஃப்.எஸ் என்ற நிதி நிறுவனத்தில் 2022 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவு சோதனை நடத்தியது. ஒரு லட்சம் கட்டினால் மாதம் எட்டாயிரம் என்பது அந்நிறுவனத்தின் வாக்குறுதி. பங்குச் சந்தையிலும் அந்நியச் செலாவணி வணிகத்திலும் வரும் லாபத்திலிருந்து இத்தொகை தரப்படுவதாக ஏஜெண்டுகள் சொன்னார்கள். திரட்டப்பட்ட பணம் சுமார் 6,000 கோடி ரூபாய் என்று காவல்துறை மதிப்பிட்டது. இத்தகைய மோசடி வெளிவரும்போதெல்லாம் பேராசையும் அறியாமையுமே காரணம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்து மக்கள் உலகச் சந்தையை அறியாதவர்கள் அல்லர். வெளிநாட்டு விலையும் ஏற்றுமதி ஆர்டரும் ஒன்றரை நூற்றாண்டாக அவர்கள் அடுப்பு எரிவதை முடிவு செய்துவந்திருக்கின்றன. எங்கோ எடுக்கப்படும் முடிவு முன்னறிவிப்பின்றி வந்து வாழ்வைப் புரட்டும் என்பதும் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. இத்தகைய மோசடிக்காரர்களும் போலிக் கணிப்பாளர்களும் தங்கள் கதைகளை அந்த உண்மையான அனுபவத்தின் மீதுதான் கட்டினார்கள்.

முன்பு இங்கே தோல் பதனிடுவதற்கு வேண்டிய ஆவாரம் பட்டை சமவெளியிலிருந்தும் கடுக்காய் ஜவ்வாது மலைக் காடுகளிலிருந்தும் வந்தன. மூலப்பொருள் உள்ளூரில் கிடைத்தாலும் விலையை லண்டன் ஏலம் தீர்மானித்தது. பாதி பதனிட்ட தோலை அனுப்பிப் பிழைத்த இத்தொழில், அரசு நியமித்த சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரைகளுக்குப் பிறகு வேறு திசையில் திருப்பப்பட்டது. பச்சைத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுமையாக்கிய தோலுக்கும் காலணிக்கும் மாற முடிந்தவர்கள் வளர்ந்தார்கள். ஆம்பூரின் ஷூ கம்பெனிகள் பெருகியது இதற்குப் பிறகுதான். மாற முதலில்லாத சிறு டேனரிக்காரருக்கோ டெல்லியில் யாரோ போட்ட கையெழுத்தால் தன் கதவு மூடியது என்பது மட்டுமே தெரிந்தது.

1989 இறுதியில் ஜெர்மனி பெண்டாகுளோரோபினால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது இதே அனுபவம் இன்னும் கூர்மையாக வந்தது. அந்த வேதிப்பொருள் படிந்த தோலுக்கு ஜெர்மன் சந்தை மூடியது; மாற்றுப் பொருள்களோ விலை கூடியவை. சுற்றுச்சூழல் என்ற பெயரில் வணிகத்துக்குப் போடும் தடை இது என்ற சந்தேகம் அப்போது வலுவாக எழுந்தது. அதை வதந்தி என்று ஒதுக்குவது தவறு. ஏனெனில் அது சோதிக்கத்தக்க சந்தேகம். தடை ஜெர்மன் உற்பத்தியாளருக்கும் பொருந்துகிறதா, குறிப்பிட்ட அளவு அறிவியல்படி நியாயமானதா, அதை அளக்கும் வசதி எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று கேட்டு விடை காணலாம். அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனை முறைகளிலும் மாற்றுகளிலும் பாடுபட்டதால் தொழில் பிழைத்தது. சந்தேகம் அங்கே ஆய்வுக்கூடத்துக்குப் போய் விடையோடு திரும்பியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஓர் அதிர்ச்சியாகவே வந்திறங்கியது. தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி இல்லாதவை மூடப்பட வேண்டும் என்ற ஆணை. வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டிருந்ததென்ற ஆய்வு முடிவும், பாலாற்றின் நிலையும், காரணங்களும் அத்தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருந்தன. மறைவாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தீர்ப்பால் வேலையிழந்த தொழிலாளி பேசிய மொழி தமிழ் அல்லது உருது. முடிவு வெளிப்படையானது, விளக்கம் மட்டும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. விளக்கம் வராத இடத்தில்தான் ‘உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்’ என்று சொல்பவனுக்கு மதிப்பு பிறக்கிறது.

அப்படிச் சொல்பவனுக்கு 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு பெரிய வாய்ப்பைத் தந்தது. ரொக்கத்தில் ஓடிய பச்சைத் தோல் வணிகத்தில், புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது பேரிடி. புதிய 2,000 ரூபாய் நோட்டில் இருப்பிடம் காட்டும் சிப் இருப்பதாகப் பரவிய கதையைச் சில தொலைக்காட்சிகளே ஒளிபரப்பின. ஆனால் அதைவிடப் பாடம் நிறைந்தது பத்து ரூபாய் நாணயத்தின் கதை. அந்நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க்கான புதிய குறியீடு 2010இல் ஏற்கப்பட்டதால், 2011 முதல் அச்சான நாணயங்களில் அது இடம்பெற்றது. ஆகவே குறியீடு உள்ளதும் இல்லாததும், பத்துக் கோடு உள்ளதும் பதினைந்து கோடு உள்ளதும் ஒரே கல்லாவில் கலந்தன. ஒன்று கள்ள நாணயம் என்ற பேச்சு கிளம்பியது. எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் அறிவித்தது. 2018 ஜனவரியில் 14 வடிவங்களையும் பட்டியலிட்டு மறுபடி அறிவித்தது. அப்போதும் வட தமிழகக் கடைகள் பலவற்றில் அதை வாங்க மறுத்தார்கள். 2022இல்கூடத் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர், இந்த நாணயம் செல்லும் என்று காட்டுவதற்காகவே பத்து ரூபாய் நாணயங்களாகச் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினார்.

அறியாமை விளக்கம் இங்கேதான் உடைகிறது. மறுத்த கடைக்காரர் பலருக்கு நாணயம் நல்லது என்று தெரியும். மொத்த வியாபாரியும் பஸ் கண்டக்டரும் வாங்க மாட்டார்கள் என்பதே அவர்கள் கணக்கு. யாருமே நம்பாத பொய்கூட, மற்றவர் நம்புகிறார் என்ற எண்ணத்தால் ஆண்டுக்கணக்கில் நடைமுறையாக வாழ முடியும். ஐ.எஃப்.எஸ் விஷயத்திலும் அண்டை வீட்டுக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்தது, அதுவே சான்றாயிற்று. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வர முடியும் என்று கேட்கக் காகிதமும் பென்சிலும் போதும். மாதம் எட்டு சதவீதத்தை அசலோடு சேர்த்தால் ஒரு லட்சம் ஐந்தாண்டில் ஒரு கோடியைத் தாண்டும். 6,000 கோடியும் ஒரே நேரத்தில் நிலுவையில் இருந்ததாகக் கொண்டால் ஆண்டு வட்டி மட்டும் 5,760 கோடி. 2022-23இல் இந்தியா முழுவதன் தோல், காலணி ஏற்றுமதியே சுமார் 40,000 கோடிதான். அதில் ஏழில் ஒரு பங்கை, வேறெதுவும் செய்யாமல் சந்தை வணிகத்தில் மட்டும் ஈட்டித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது என்று பொருள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதிகாரபூர்வ நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்பதே அது. நியாயமான கேள்வி. சென்னையில் மதிப்புமிக்க வெள்ளையர் நிறுவனமாக இருந்த அர்பத்நாட் 1906 அக்டோபரில் முறிந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பை அழித்தது. 2008 நெருக்கடியை உலகின் பெரும்பான்மைப் பொருளியலாளர்கள் முன்னுணரவில்லை. பணமதிப்பிழப்பால் பெருந்தொகை வங்கிக்குத் திரும்பாது என்ற அரசுத் தரப்பின் எதிர்பார்ப்பும் பொய்த்தது, 99.3 சதவீதம் திரும்பிவிட்டது. ஆனால் அந்த 99.3 என்ற எண்ணை நமக்குத் தந்தது ரிசர்வ் வங்கியின் 2017-18ஆம் ஆண்டறிக்கை. அரசின் கணிப்பு தவறென்று காட்டும் சான்று அரசமைப்பின் ஆவணத்திலேயே கிடைக்கிறது. தவறுவது இரு தரப்புக்கும் பொது. தவறியதை மற்றவர் கண்டுபிடிக்க வழிவிடுவது ஒரு தரப்பில் மட்டுமே இருக்கிறது. ஆகவே அதிகாரத்தின் மீதுள்ள ஐயத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதே ஐயத்தை வாட்ஸ்அப் கணிப்பாளன் மீதும் அதே கண்டிப்போடு செலுத்தக் கேட்கிறோம்.

‘2,000 நோட்டு போகும் என்றார்கள், போய்விட்டதே’ என்ற வாதமும் உண்டு. 2023 மே 19 அன்று அந்நோட்டைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் நாளைக்கே, அடுத்த மாதமே என்று ஆறரை ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நாள் பலித்ததைக் கணிப்பு என்று கருத முடியாது. திரும்பப் பெற்றபோதும் நோட்டு சட்டப்படி செல்லும் என்றே அறிவிக்கப்பட்டது. சிப் எதுவும் கிடைக்கவில்லை. இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று: இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பொருளியல் கற்பித்த ரவி பத்ரா, 1990இல் பெருமந்தம் வரும் என்று எழுதிய நூல் அங்கே பெருவிற்பனை கண்டது. மந்தம் அவர் சொன்ன அளவில் வரவில்லை. ஆனால் அவர் ஆண்டைக் குறித்தே எழுதினார்; அதனால்தான் அவர் தவறினார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. பத்ரா காட்டிய அந்தக் குறைந்தபட்ச நேர்மைகூட நம் கைபேசிக்கு வரும் குரல் பதிவுகளில் இல்லை.

இத்தகைய மோசடிகள் நடந்தது சட்டம் இல்லாததால் அல்ல. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. இரண்டும் இருந்த காலத்தில்தான் காட்பாடியில் பணம் திரண்டது. 2025இல் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இரிடியம் விற்ற பணம் கோடிகளில் வரப்போகிறது என்று ஏமாற்றியவர்களைத் தமிழ்நாடு சிபிசிஐடி கைது செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாகி, ஷூ கம்பெனிகளின் ஆர்டர்களை உலுக்கியது. தொலைவிலிருந்து வரும் இடியும் அருகிலிருந்து வரும் பொய்யும் இன்றும் சேர்ந்தே வருகின்றன. வரி யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணையின்படி என்ற விவரத்தை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழிலும் உருதுவிலும் அந்த வாரமே ஒட்ட, மாவட்ட நிர்வாகத்துக்கோ ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கோ பெருஞ்செலவு ஆகாது. நாணய வடிவங்களின் பட்டியல் நாணயம் வெளியாகி ஒன்பதாண்டு கழித்து வந்ததைப் போல அதுவும் தாமதித்தால், அதற்குள் வேறொருவன் தன் விளக்கத்தை விற்று முடித்திருப்பான்.