வண்டிக்கு ஒரு கூடாரம்: கராஜ் சுவர் மெலிந்துபோன கதை

போன மாசம் தாம்பரத்துல இருந்து அப்பா போன் பண்ணினார். "ஆன்லைன்ல கார் டென்ட்னு ஒண்ணு பார்த்தேன்டா. இரும்புக் குழாய், மேல வெள்ளை ஷீட்டு. வாசல்ல போட்டுடலாமா? நீ இன்ஜினியர்தானே, பார்த்துச் சொல்லு."

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனா அப்பா கேட்டா 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல முடியுமா? அதுவும் இந்த விஷயத்துல. நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க வீட்டுல செகண்ட் ஹேண்ட் மாருதி 800 ஒண்ணு இருந்தது. தெருவுலதான் நிற்கும். தினமும் ராத்திரி அப்பா அதுக்குக் கவர் போட்டு, நாலு மூலையும் இழுத்துக் கட்டிட்டுத்தான் தூங்கப் போவார். ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க விடாத மழை. கவரைக் கழட்டவே இல்லை. மழை விட்டதும் கழட்டினா, பானட் முழுக்க பெயிண்ட் கொப்புளம். அப்பா ஒண்ணும் பேசலை. பானட் மேல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னார்.

அதனால இந்த எபிசோடு அவருக்காக. வண்டிக்கு ஏன் வீடு கட்டினோம், அந்த வீடு எப்படிக் கூடாரம் ஆச்சு?

1900-களின் தொடக்கத்துக்குப் போவோம். அன்னைக்குக் கார்னா பெரும்பாலும் மேல் மூடி இல்லாத வண்டி. தோல் சீட்டு, மரச் சக்கரம், பித்தளை விளக்கு. குதிரை வண்டிக்குப் பூசின அதே எண்ணெய் வார்னிஷைத்தான் காருக்கும் பிரஷ்ல பூசினாங்க. ஒரு கோட்டு காயணும், தேய்க்கணும், அடுத்த கோட்டு பூசணும். மொத்தமா முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்ட பூச்சு, வெயில் மழையில் சீக்கிரமே மங்கிடும். குளிர் நாடுகள்ல இன்னொரு தொல்லை: ரேடியேட்டர்ல வெறும் தண்ணி. ராத்திரி வடிச்சு விடலைன்னா உறைஞ்சு இன்ஜினே விரிசல் விடும்.

அதனால காருக்குச் சுவர் வெச்ச வீடு தேவைப்பட்டது. இங்கிலாந்துல அதுக்குப் பேரே 'மோட்டார் ஹவுஸ்'. பணக்காரங்க குதிரை லாயத்தைக் காலி பண்ணிக் காரை உள்ளே விட்டாங்க. கராஜ்ங்கிற சொல் பிரெஞ்சு. ஒதுக்கி, பத்திரமா நிறுத்தி வைக்கிறதுன்னு அர்த்தம்.

இப்போ 1914. முதல் உலகப் போர். காரை விட நொய்யான ஒரு வண்டி போர்க்களத்துக்கு வந்தது: விமானம். மரச் சட்டம், கம்பி, மேல லினன் துணி. மழையில் நின்னா மரம் வளையும், துணி தொய்யும். செங்கல்ல வீடு கட்டலாம்னா, படை நகர்ந்தா விமானமும் நகரணுமே? பிரான்ஸில் ஆன்ஷே நகரத்துல கயிறும் கித்தானும் செய்த பெசோனோ என்கிற தொழிலதிபர் இதுக்கு ஒரு விடை கொடுத்தார். மரச் சட்டத்து மேல கித்தான் போர்த்திய ஹேங்கர். ஏறக்குறைய 20 மீட்டர் அகலம். 20 பேர் சேர்ந்தா ரெண்டு நாள்ல எழுப்பிடலாம், பிரிச்சு லாரியில் ஏத்திடலாம். பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் இதைப் பயன்படுத்தின. இன்னைக்குக் கார் டென்ட் இதோட நேரடி வாரிசுன்னு நான் சொல்லலை. ஆனா யோசனை அதேதான்: சட்டம் ஒண்ணு, போர்வை ஒண்ணு, வேண்டாம்னா மடிச்சு வை.

அதே போர் கராஜோட தேவையையே குறைக்கிற வேலையையும் செஞ்சது. நைட்ரோசெல்லுலோஸ்னு ஒரு பொருள். பஞ்சை அமிலத்துல போட்டு எடுக்கிற வெடிமருந்து. நம்ம நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலையில் செய்த கார்டைட்லயும் இது இருக்கு. அமெரிக்காவுல டூபான்ட் நிறுவனம் போருக்காக இதை மலை மலையாத் தயாரிச்சது. போர் முடிஞ்சதும் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேற வேலை வேணும். அதே பொருளைக் கரைச்சு, ஸ்ப்ரேயில் அடிக்கிற பெயிண்ட் ஆக்கினாங்க. பேர் 'டூகோ'. ஆமா, நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில் கேட்கிற அதே 'டூகோ பெயிண்ட்'தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லண்ட் கார்ல இதை நீல நிறத்துல அடிச்சது. வாரக்கணக்கில் காய்ஞ்சது மணிக்கணக்குக்கு வந்தது. வெயிலையும் பழைய வார்னிஷை விட நல்லாத் தாங்கினது.

கூடவே காருக்கே கூரை வந்தது. அமெரிக்காவுல 1919-ல் விற்ற கார்கள்ல ஏறக்குறைய 10 சதவீதம்தான் மூடிய கார். 1927-ல் 85 சதவீதம். அதாவது வீட்டோட வேலையைப் பாதி பெயிண்ட் எடுத்துக்கிச்சு, மீதியைக் காரே எடுத்துக்கிச்சு. கார் தைரியமாத் தெருவுக்கு வந்து நின்னது.

அப்போ கூடாரம் ஏன் திரும்ப வந்தது? கனடாவுல கியூபெக் மாகாணத்துக்கு வாங்க. மான்ட்ரியல்ல ஒரு குளிர்காலத்துல மொத்தமா ஏறக்குறைய 2 மீட்டர் பனி கொட்டும். அங்கே அக்டோபர் ஆனா வீட்டு வாசல்கள்ல வெள்ளைக் கூடாரங்கள் முளைக்கும். இரும்புக் குழாய் வளைவு, மேல பாலிஎத்திலீன் ஷீட்டு. 'டெம்போ'ங்கிற பிராண்ட் பேரே அந்தப் பொருளுக்குப் பேராகிடுச்சு, நம்ம ஊர்ல நகல் எடுக்கிறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. ஏப்ரல் வாக்குல கழட்டிடணும். எப்போ போடணும், எப்போ எடுக்கணும்னு உள்ளாட்சிகள் விதியே போட்டிருக்கு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு தடை பண்ணின ஊர்களும் உண்டு.

கவனிச்சீங்களா? இந்தக் கூடாரம் காருக்காக இல்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது அரை மணி நேரம் பனி அள்ளாம இருக்க. அதாவது மனுஷனுக்காக.

சரி, பனியை இது தாங்குமா? ஒரு கணக்கு போடுவோம். கூரை 3 மீட்டருக்கு 6 மீட்டர், 18 சதுர மீட்டர். அது மேல 30 சென்டிமீட்டர் புதுப் பனி. கன மீட்டருக்கு 100 கிலோன்னு வெச்சாலும் 540 கிலோ. ஒரு குட்டி காரே மேல உட்கார்ந்த மாதிரி. அதனாலதான் கூரையை வளைவா வைக்கிறாங்க, ஆளுங்களும் உள்ளேயிருந்து தட்டித் தட்டிப் பனியைத் தள்ளிவிடுறாங்க.

இப்போ அப்பா கேள்விக்கு வரேன். நம்ம ஊர்ல மேலேயிருந்து அழுத்துற பனி கிடையாது. கீழே புகுந்து தூக்குற காத்து இருக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல அடிச்ச காத்துல மரங்களே வேரோட சாய்ஞ்சது. லேசான குழாயில் கட்டின ஷீட்டு அந்தக் காத்துக்குப் பாய்மரம் மாதிரி. தார்ப்பாய்னு சொல்றோமே, 'பாய்' இருக்கு பாருங்க, அந்தப் பாய்தான். கியூபெக்காரங்களுக்குக் கூடாரம் வேண்டிய மாசம் பனி மாசம். நமக்கு வேண்டிய மாசம் புயல் மாசம்.

ஆனா ஒரு விஷயத்துல கூடாரம் கவரை விட ரொம்ப மேல். கூடாரம் பெயிண்ட்டைத் தொடாது. நடுவுல காத்து ஓடும், ஈரம் காயும். கவர் அப்படியே ஒட்டிக்கும். உள்ளே மாட்டின தண்ணி வாரக்கணக்கில் நிற்கும், இடுக்குல இருக்கிற தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். டென்ட் வேண்டாம்ப்பா, நாலு கம்பத்தைக் கான்கிரீட்ல நட்டு, நல்லா முடுக்கி மேல ஷீட்டு போட்டுடுவோம், பக்கம் திறந்தே இருக்கட்டும், கவரைத் தூக்கிப் போடுன்னு எல்லாத்தையும் விளக்கினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ அன்னைக்கு அந்த மாருதியைக் கெடுத்தது மழை இல்லை. நான் போட்ட கவர்தான், இல்லையா?"

"ஆமாப்பா."

"தினமும் இழுத்து இழுத்துக் கட்டினேன்டா"ன்னு சொல்லிச் சிரிச்சார்.

அடுத்த வாரம் கம்பம் நடுறோம். குழி தோண்டுறது நான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.