திற, எள்ளே!

ஃபேண்டசி படிக்கும் நண்பர்கள் கூடினால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். உனக்குப் பிடித்த மந்திரம் எது, பிடிக்காதது எது? மற்றவர்கள் ஹாரி பாட்டரிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் சேலம் ஏற்காடு ரோட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்த ரோட்டில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ வளைவு இன்னும் நிற்கிறது. 1930களின் நடுவில் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். 1956 பொங்கலுக்கு அவர் இயக்கத்தில் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதில் ‘அண்டா காகசம்’ என்று ஆரம்பித்து ‘திறந்திடு சீசே’ என்று முடித்தால் குகை திறக்கும். எனக்குப் பிடித்த மந்திரம் அதுதான்.

எங்கள் அப்புச்சிக்கும் அதுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் அவருக்குத் தோட்டம். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசல் கதவுக்கு வெளியே நின்று மந்திரத்தை முழுசாகச் சொல்வார். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினால்தான் உள்ளே வருவார்.

மந்திரத்தின் நடுவில் ‘அபூகா ஹுக்கும்’ என்று வரும். ஹுக்கும் என்றால் கட்டளை. படத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவன் அபு ஹுசேன், நடித்தவர் பி.எஸ்.வீரப்பா. ஆக, இது அபுவின் கட்டளை. யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஒரே வரியில் இருக்கிறது என்பது சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொல்வது யார் என்று குகைக்குத் தெரியாது. சொல் சரியாக இருந்தால் போதும்.

சரி, சீசே என்றால்? பின்னோக்கிப் போனால் பாரிஸில் போய் நிற்கும். அலிபாபா கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. ‘ஆயிரத்தொரு இரவுகளை’ பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டிருந்த அந்த்வான் கலானுக்கு, அலெப்போவிலிருந்து வந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் சொன்ன கதை அது. 1717இல் அச்சானபோது தியாபின் பெயர் அதில் இல்லை. அந்தப் பிரெஞ்சுக் கதையில் குகையைத் திறக்கும் சொல் ‘செசாம்’. நம் சீசே அதன் தேய்வாகத்தான் என் காதில் விழுகிறது. செசாம் என்றால் எள்.

அவ்வளவுதான், எள்ளு! முற்றிய எள்ளுக்காய் தானாகவே வெடித்துத் திறக்கும், அதனால்தான் இந்தச் சொல் என்று ஒரு விளக்கம் உண்டு. எங்கள் பக்கம் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் வெடிப்பதற்குள் செடியை அறுத்து அடுக்கி, பிறகு காயவைத்து உதிர்க்கணும். விட்டால் மணியெல்லாம் மண்ணுக்குப் போய்விடும். அப்புச்சி ஆயுசு பூராவும் எள் போட்டவர். கதவுக்கு வெளியே நின்று தன் பயிரைத்தான் கூப்பிடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

கதையில் அலிபாபாவின் அண்ணன் காசிம், தங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் குகைக்குள் அந்தச் சொல்லை மறந்துவிடுகிறான். பார்லியே திற என்கிறான். வேறு வேறு தானியங்களைச் சொல்லிப் பார்க்கிறான். எள் மட்டும் வாயில் வரவில்லை. திருடர்கள் வந்து வெட்டிப்போடுகிறார்கள். சின்ன வயதில் இதைப் பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அப்படிக் கேட்க முடிவதில்லை. கடைசி இரண்டு வருஷம் அப்புச்சி என்னைக் கூப்பிட, மாமா பேரு, பெரியம்மா பையன் பேரு, எப்போதோ செத்துப்போன தன் தம்பி பேரு எல்லாம் சொல்லிப் பார்ப்பார். என் பேரு மட்டும் வராது.

எனக்குப் பிடிக்காத மந்திரம் ‘ஆப்ளிவியேட்’. ஹாரி பாட்டரில் நினைவை அழிப்பது. 2010இல் வந்த படத்தின் தொடக்கத்தில், அப்பா அம்மாவைக் காப்பாற்ற அவர்களுக்குத் தன்னையே மறக்கடிக்கிறாள் ஹெர்மயனி. சுவரிலிருக்கும் போட்டோக்களிலிருந்தும் அவள் மறைந்துபோகிறாள். காலேஜ் படிக்கும்போது பார்த்துவிட்டு, எப்பேர்ப்பட்ட தியாகம் என்று கண் கலங்கினேன். இன்று பார்த்தால், அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

அப்புச்சி போவதற்குச் சில மாதம் முன்னால், ஊருக்குப் போன ஒரு சாயங்காலம், நான் கதவுக்கு வெளியே நின்று மந்திரத்தை முழுசாகச் சொன்னேன். திண்ணையிலிருந்து மெல்ல எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

“யாருங்க? உள்ள வாங்க” என்றார்.