முறையிடும் உரிமை: வேதநூலில் ஆறுதல் பிறக்கும் இடம்

துன்பக் காலத்தில் வேதநூலைத் திறப்பவர் கையில் முதலில் கொடுக்கப்படுபவை வாக்குறுதிகள். நாட்காட்டித் தாளிலும் மருத்துவமனைச் சுவரிலும் அவையே இடம்பெறுகின்றன. கடவுள் காப்பேன் என்று சொல்லியிருக்கிறார், ஆகவே நம்பலாம் என்பதே பொதுவான புரிதல். இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். கடவுளிடம் முறையிட வேதநூல் தரும் உரிமையில்தான் நம்பிக்கை முளைக்கிறது; வாக்குறுதி அதற்குப் பின்பே பொருள்படுகிறது. எருசலேமின் வீழ்ச்சியைப் பாடும் புலம்பல் நூலின் கட்டமைப்பே இதற்கு முதற்சான்று. அதில் ஐந்து அதிகாரங்கள். முதல் நான்கும் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. கடவுளின் இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்னும் பெயர்பெற்ற பகுதி நூலின் முடிவில் இல்லை. நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. நான்காம் அதிகாரம் மீண்டும் பசிக்கும் பாழுக்கும் திரும்புகிறது. ஐந்தாவதில் இருபத்திரண்டு வசனங்கள் என்னும் கணக்கு மட்டும் எஞ்ச, அகரவரிசை குலைந்துவிடுகிறது. கடவுள் எங்களை அடியோடு தள்ளிவிட்டாரோ என்ற ஐயத்தோடு நூல் முடிகிறது. யூத மரபில் இதை ஓதும்போது கடைசி வசனத்துக்குப் பின் அதற்கு முந்தைய வசனத்தை மறுபடி ஓதி முடிப்பது வழக்கம். அந்த முடிவின் சங்கடத்தை மரபு உணர்ந்திருக்கிறது. ஆனாலும் அதை நீக்கவில்லை.

சங்கீதங்களை வைத்து இதை மறுக்கலாம். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். அவற்றுள் பெரும்பாலானவை இறுதியில் துதியாக மாறுகின்றன. புலம்பலுக்கும் துதிக்கும் இடையில் ஆலயக் குரு ஒருவர் கடவுளின் மீட்பு வாக்கை அறிவித்திருக்க வேண்டும் என்று 1934-இல் விவிலிய ஆய்வாளர் யோவாக்கிம் பேக்ரிஹ் கருதினார். அது சரியென்றால் நம்பிக்கையைத் தந்தது வாக்குறுதிதான். என் வாதம் விழுந்துவிடும். ஆனால் அந்த இடைக்குரல் பெரும்பாலான சங்கீதங்களின் பனுவலில் இல்லை. ஊகித்தே சேர்க்க வேண்டியிருக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ எந்தத் திருப்பமும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. பேக்ரிஹின் விதி அதைத் தோல்வியுற்ற சங்கீதமாக்கிவிடும். அதைத் தொகுப்பில் சேர்த்தவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பாடலில் கடவுள் பதில் சொல்லவில்லை. ஆனால் பாடுபவர் கடவுளை விளிப்பதை ஒரு கணமும் நிறுத்தவில்லை. கேட்பவர் இல்லையென்று உறுதியாக நம்புகிறவர் குற்றம்சாட்டுவதில்லை, மௌனமாகிவிடுகிறார். ஆகவே அந்த விளிக்குள்ளேயே நம்பிக்கை இருக்கிறது. துதி வந்தால் அது அதன் மலர்ச்சி. வராவிட்டாலும் வேர் பட்டுப்போவதில்லை.

டென்மார்க்கின் சிந்தனை வரலாறு இந்தச் சிக்கலை ஒரே ஆண்டில், ஒரே எழுத்தாளரிடம் காட்டுகிறது. 1843 அக்டோபரில் சோரன் கீர்க்கேகார் புனைபெயரில் வெளியிட்ட ‘மீள்நிகழ்வு’ நூலில் காதலில் உடைந்த ஓர் இளைஞன் யோபுவின் நூலைப் பற்றிக்கொள்கிறான். அவனைத் தாங்குவது வழக்காடும் யோபு. நண்பர்களின் சமாதானங்களை ஏற்க மறுக்கும் யோபு. அதே ஆண்டு டிசம்பரில் சொந்தப் பெயரில் வெளியிட்ட பக்தி உரைகளில் கீர்க்கேகார் எடுத்துக்கொண்டதோ, கொடுத்தவரே எடுத்தார் என்று பணிந்து வணங்கும் முதல் அதிகாரத்து யோபு. பணிவு பக்திக்கு, வழக்கு கவிதைக்கு என்று பங்கிட்டுவிட்டாரோ என்று தோன்றும். அப்படிப் பங்கிட்டால் யோபுவின் நூல் இரண்டாகப் பிளந்துவிடும். நூலின் இறுதியில் கடவுள் கோபிப்பது தமக்காக வாதாடிய நண்பர்களிடம்; தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் என்று அவர் சுட்டுவது, தம்மை வழக்குக்கு இழுத்த யோபுவை. துன்புறுவோருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் (போதகர்கள் குறிப்பாக) அதிகம் படித்திருக்க வேண்டிய பகுதி இது.

தமிழ் வாசகருக்கு இந்த உரிமை புதிதல்ல. தம்பிரான் தோழர் எனப்பட்ட சுந்தரர், மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியபோது பார்வை இழந்தார். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பப் பெற்றதாகச் சேக்கிழார் சொல்கிறார். அந்த வழியில் அவர் பாடியதாகக் கொள்ளப்படும் பதிகங்கள் ஏழாம் திருமுறையில் உள்ளன. திருவாரூர்ப் பதிகம் இறைவனிடம் ஏறக்குறைய சண்டையே போடுகிறது. அடியார் துயர்ப்படும்போது நீர் மட்டும் நலமாக இரும் என்னும் தொனி அதில் உண்டு. சைவ மரபு இதை நிந்தையாகக் கருதி ஒதுக்காமல் திருமுறையாகவே காத்தது. இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: சுந்தரரின் துன்பம் வாக்குமீறலுக்கு வந்த தண்டனை; சங்கீதக்காரரோ பல இடங்களில் தம் குற்றமின்மையையே எடுத்துச் சொல்கிறார். குற்றம் தம்முடையதாக இருந்தும் வாயடைத்துப் போகாமல் முறையிடும் சுந்தரர், இந்த உரிமை நேர்மைக்குக் கிடைத்த பரிசல்ல, உறவிலிருந்து வருவது என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறார்.

இதெல்லாம் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் கற்பனை என்பாருக்கு விடை கடினமல்ல: தேற்றவே புனையப்பட்ட நூலில் எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கு என்ன வேலை? கடவுளிடம் முறையிட்டவர் அதிகாரத்திடம் முறையிட மறந்துவிடுவார் என்னும் மறுப்புக்குத்தான் எடை அதிகம். 1987 முதல் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக முடக்கி வைத்தார். அந்த அநீதியை வெளிக்கொண்டுவந்தது செபமல்ல, விசாரணை. 1993 ஜனவரியில் அதன் அறிக்கை வந்ததும் போல் ஷ்லூட்டர் அரசு பதவி விலகியது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முறையீட்டு மரபு மௌனத்தைக் கற்பிப்பதில்லை. 1708 நவம்பரில் தரங்கம்பாடியின் டேனிய ஆளுநர் ஹாசியுஸ், மிஷனரி சீகன்பால்குவை டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு மாதங்களுக்குப் பின் வெளியே வந்த அவர், நடந்ததை விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மொழிபெயர்ப்பையும் 1711-இல் முடித்தார். மிஷன் வரலாறுகள் அவருடைய பொறுமையைத்தான் புகழ்கின்றன. அந்தக் கடிதங்களில் முறையீடும் உண்டு.

அந்த மொழிபெயர்ப்பின் வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. தமிழில் புதிய ஏற்பாடு 1714-15-இல் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்திருந்த நிலையில் 1719-இல் சீகன்பால்கு இறந்தார். யோபு, சங்கீதம், புலம்பல் மூன்றும் அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் இருந்தன. பெஞ்சமின் ஷுல்ட்சே பணியைத் தொடர்ந்து 1728-க்குள் அவற்றை அச்சிட்டார். ஆக, தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைக்கு நற்செய்தி முதலில் அச்சில் கிடைத்தது, முறையீடு பிந்தியே கிடைத்தது. வாக்குறுதிக்கு முதலிடம் தரும் பழக்கத்தில் இந்த வரிசைக்கும் பங்கு உண்டா என்பதை அக்காலப் பிரசங்கங்களிலும் பாடல்களிலும் தேட வேண்டும். பிந்தைய காலத்துக்கு ஒரு தடயம் இருக்கிறது. வைணவராகப் பிறந்து கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பியத்தின் இடையே பக்திப் பதிகங்களைச் சேர்த்தபோது, அவற்றுக்கு, சுந்தரரின் பதிகங்களுக்கும் உரிய தேவாரம் என்னும் பெயரையே இட்டார்.